இன்ஷூரன்ஸ் பாலிசிகளுக்கும் களையெடுப்பு தேவை

கொல்லிமலையின் பதினான்கு நாடுகளுள் எடப்புளி நாடும் ஒன்று. மரவள்ளியில் மாவுப்பூச்சியைக் கட்டுப்படுத்துவது பற்றி உழவர்களிடம் பேசுவதற்காக அங்கே சென்றிருந்தேன். பேச்சு முடிந்து எழுந்திருக்கும் நேரத்தில் ஓர் அம்மையார் மஞ்சள் பை ஒன்றைக் கொண்டு வந்து என் முன் வைத்தார். "ஐயா, இதிலே என்னென்ன இருக்குன்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்றார்.

அவருடைய கணவர் மாசி மாதத்தில் மிளகு பறிக்க மரம் ஏறியவர். ஏணி சாய்ந்து கீழே விழுந்து இறந்துவிட்டார். பையில் ஒரு சேமிப்புப் பாலிசி இருந்தது. ஆண்டுக்கு ரூ.6,000 பிரிமியம், காப்புத் தொகை ரூ.60,000. அந்தப் பணம் வந்துவிட்டது. அடியில் ஒரு பாங்குப் புத்தகம் இருந்தது. பக்கங்களைப் புரட்டினேன். அதற்கு முந்தைய ஆண்டு மே மாதத்தில் மத்திய அரசின் இரண்டு காப்பீட்டுத் திட்டங்களுக்குமாக ரூ.456 பிடித்திருந்தார்கள். அடுத்த மே மாதத்தில் பிடிக்கவில்லை. அப்போது கணக்கில் இருந்த இருப்பு 14 ரூபாய். அந்த ரூ.456 கணக்கில் இருந்திருந்தால் குடும்பத்துக்கு ரூ.4 லட்சம் வந்திருக்கும்.

"வருஷா வருஷம் தவறாமக் கட்டுனாரே ஐயா?" என்று அந்த அம்மையார் கேட்டார். கட்டினார் என்பது உண்மைதான். 6,000 ரூபாயைத் தவறாமல் கட்டியவர், 456 ரூபாயைத் தவறவிட்டார். எந்தப் பணம் எதற்குப் போகிறது என்று அவருக்கு யாரும் பிரித்துச் சொல்லவில்லை.

நிலத்தில் ஆண்டுக்கு இரண்டு முறையாவது களையெடுக்கிறோம். பயிரோடு பயிராகக் களையும் உரத்தைத் தின்னும் என்பது நமக்குத் தெரியும். வீட்டிலுள்ள பாலிசிகளுக்கும் ஆண்டுக்கு ஒரு முறை இந்த வேலை தேவை. அதைச் செய்யும் முறையை இவ்வாரம் பார்ப்போம்.

பையை அவிழ்த்துப் பட்டியல் போடுங்கள்

முதல் வேலை, வீட்டிலுள்ள எல்லாப் பாலிசிகளையும் ரசீதுகளையும் பாங்குப் புத்தகங்களையும் ஒரே இடத்தில் பரப்பி வைப்பது. பள்ளியில் படிக்கும் மகனையோ மகளையோ நோட்டுப் புத்தகத்துடன் அருகில் உட்கார வையுங்கள். ஒவ்வொரு பாலிசிக்கும் கீழ்க்கண்டவற்றை எழுதச் சொல்லுங்கள்.

1. யாருடைய உயிருக்குக் காப்பு?
2. இன்று அவர் இறந்தால் எவ்வளவு கிடைக்கும்?
3. ஆண்டுக்குக் கட்டுவது எவ்வளவு? எந்த மாதம்?
4. இதுவரை எத்தனை ஆண்டு கட்டியாயிற்று? இன்னும் எத்தனை ஆண்டு உள்ளது?
5. நாமினி யார்?
6. பாலிசி நடப்பில் உள்ளதா, காலாவதி ஆகிவிட்டதா?

ஆறாவது கேள்விக்கு ஏஜெண்டின் வாய்ச்சொல் போதாது. கம்பெனிக் கிளையிலோ தபால் அலுவலகத்திலோ பாலிசி எண்ணைக் கொடுத்து, நடப்பில் உள்ளதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆண்டு, அரையாண்டு, காலாண்டுப் பிரிமியத்துக்குத் தவணை நாளுக்குப் பின் 30 நாட்களும், மாதப் பிரிமியத்துக்கு 15 நாட்களும் சலுகை உண்டு. அதற்கும் மேல் போனால் பாலிசி காலாவதியாகும். காலாவதியான சாதாரணப் பாலிசியை, முதல் தவணை தவறிய நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள், நிலுவையை வட்டியுடன் கட்டி உயிர்ப்பிக்க இடமுண்டு.

காப்பு வேறு, சேமிப்பு வேறு

நம் வீடுகளில் உள்ள பாலிசிகளில் பெரும்பாலானவை காப்பையும் சேமிப்பையும் கலந்தவை. எண்டோமென்ட், மணிபேக் என்று இவற்றுக்குப் பெயர். கட்டும் பணத்தில் பெரும்பகுதி சேமிப்புக்கே போய்விடும். ஆகையால் பிரிமியம் பெரிதாகவும் காப்புத் தொகை சிறிதாகவும் இருக்கும்.

காப்பு மட்டும் தரும் பாலிசிக்கு டேர்ம் பாலிசி என்று பெயர். குறித்த காலத்துக்குள் இறந்தால் முழுத் தொகை குடும்பத்துக்கு வரும். காலம் முடிந்து உயிருடன் இருந்தால் ஒன்றும் திரும்பி வராது. "கட்டின பணம் போயிடுமே" என்பார்கள். தோட்டத்துக்கு ஆண்டு முழுவதும் காவல் வைக்கிறோம். திருடன் வரவில்லை என்பதற்காகக் காவல்காரரிடம் கூலியைத் திருப்பிக் கேட்பதில்லை. டேர்ம் பிரிமியமும் காவல் கூலிதான். அதே காப்புத் தொகைக்கு எண்டோமென்ட் கேட்பதில் ஒரு சிறு பங்கே டேர்ம் பாலிசியில் ஆகும்.

சேமிப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. தபால் அலுவலகத் தொடர் வைப்பு உண்டு. பத்து வயதுக்குட்பட்ட பெண் குழந்தைக்குச் செல்வமகள் சேமிப்பு உண்டு. காப்புடன் சேமிப்பும் சேர்ந்தே வேண்டும் என்போருக்குக் கிராமிய அஞ்சல் ஆயுள் காப்பீடு 1995 முதல் இருந்து வருகிறது. முதலில் குடும்பத் தலைவனின் உயிருக்கு வேண்டிய காப்பு, அதன் பிறகே சேமிப்பு என்ற வரிசை மாறக் கூடாது.

செலவில்லாததும் செலவு குறைந்ததும் முதலில்

சிறு உழவர் குடும்பம் ஒன்று காசு கொடுத்துப் பாலிசி வாங்கும் முன், கீழ்க்கண்டவை கையில் உள்ளனவா என்று பார்க்க வேண்டும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்: ஆண்டு வருமானம் ரூ.1,20,000க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு உரியது. ஆண்டுக்குக் குடும்பத்துக்கு ரூ.5 லட்சம் வரை, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில், பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்குக் கிடைக்கும். பிரிமியத்தை அரசே கட்டுகிறது. வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் அட்டைகளுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்தில் பதிவு செய்யலாம். கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800 425 3993. இந்த அட்டை இருக்கும்போது, இதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் தனியார் மருத்துவப் பாலிசி விற்க வருபவரிடம் நிதானமாக இருங்கள். போக்குவரத்துச் செலவுக்கும் இழந்த கூலிக்கும் அட்டையில் பணம் வராது. அவற்றுக்காகச் சில ஆயிரம் ரூபாயைத் தனியே கையிருப்பாக வைப்பது நலம்.

முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டம்: 2011 முதல் நடைமுறையில் உள்ளது. நன்செய் இரண்டரை ஏக்கர் அல்லது புன்செய் 5 ஏக்கருக்கு மிகாமல் நிலம் வைத்து, தாமே பயிர் செய்யும் சிறு, குறு உழவர்களுக்கும் விவசாயத் தொழிலாளர்களுக்கும் உரியது. விபத்து மரணம், ஊனம், இயற்கை மரணம் ஆகியவற்றுக்கு உதவித் தொகை உண்டு. உறுப்பினர் பிரிமியம் கட்ட வேண்டியதில்லை. கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு அட்டை பெற்றுக்கொள்ளுங்கள்.

பிரதமரின் ஜீவன் ஜோதி திட்டம்: 18 முதல் 50 வயது வரை சேரலாம், 55 வயது வரை தொடரலாம். எந்தக் காரணத்தால் இறந்தாலும் ரூ.2 லட்சம். 2022 ஜூன் முதல் ஆண்டுப் பிரிமியம் ரூ.436. புதிதாகச் சேர்ந்தால் முதல் 30 நாட்களுக்கு விபத்து மரணத்துக்கு மட்டுமே காப்பு உண்டு.

பிரதமரின் சுரக்ஷா திட்டம்: 18 முதல் 70 வயது வரை. விபத்தில் இறந்தாலும் முழு ஊனமானாலும் ரூ.2 லட்சம், நிரந்தரப் பகுதி ஊனத்துக்கு ரூ.1 லட்சம். ஆண்டுப் பிரிமியம் ரூ.20.

இவை இரண்டும் பாங்கு அல்லது தபால் சேமிப்புக் கணக்கு மூலம் நடப்பவை. காப்பு ஆண்டு ஜூன் 1 தொடங்கி மே 31 முடிய. ஒருவருக்கு எத்தனை கணக்கு இருந்தாலும் ஒரு கணக்கின் மூலமே காப்பு உண்டு. இரண்டு பாங்குகளில் பிடித்தம் நடந்தால் ஒன்று வீண். அதை நிறுத்தி விடுங்கள்.

மரத்திலிருந்து விழுவதும் பாம்பு கடிப்பதும் மலையில் புதிதல்ல. இவையும் சுரக்ஷா திட்டத்தில் விபத்தாகவே கொள்ளப்படும். ஆனால் மருத்துவமனைப் பதிவு வேண்டும். கடிபட்டவரை நாட்டு வைத்தியரிடம் கொண்டு போய் நேரத்தைக் கழிக்காமல் உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். உயிர் பிழைக்க அதுவே வழி. பதிவும் அங்கேதான் கிடைக்கும். சாலை விபத்தானால் காவல் நிலைய முதல் தகவல் அறிக்கை தேவை.

ஜன்தன் கணக்குடன் தந்த ரூபே அட்டையிலும் விபத்துக் காப்பு உண்டு. 2018 ஆகஸ்ட் 28க்குப் பின் தொடங்கிய கணக்கானால் ரூ.2 லட்சம், முந்தையதானால் ரூ.1 லட்சம். விபத்துக்கு முந்தைய 90 நாட்களுக்குள் அட்டையை ஒரு முறையாவது பயன்படுத்தியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பெட்டியில் பூட்டி வைத்த அட்டை பயன் தராது.

எவ்வளவு காப்பு வேண்டும்?

இதற்குப் பெரிய கணிதம் தேவையில்லை. ஓர் உதாரணக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவருக்கு 36 வயது, மனைவிக்கு 32. மகளுக்கு 13, மகனுக்கு 9. கணவரின் தாயாருக்கு 62. மூன்று ஏக்கர் புன்செய். மரவள்ளியும் சாமையும் கொஞ்சம் மிளகும். கூட்டுறவுச் சங்கக் கடன் ரூ.60,000.

கணவர் இல்லாவிட்டால் குடும்பம் நடக்க மாதம் ரூ.6,000, அதாவது ஆண்டுக்கு ரூ.72,000 வேண்டும் என்று வைப்போம். நிலத்தைக் குத்தகைக்கு விட்டும் மனைவி வேலைக்குச் சென்றும் ரூ.36,000 வரும். குறைவது ஆண்டுக்கு ரூ.36,000. மகனுக்கு 21 வயது ஆக இன்னும் 12 ஆண்டுகள். 36,000ஐ 12ஆல் பெருக்கினால் ரூ.4,32,000. கடன் ரூ.60,000 சேர்த்தால் ரூ.4,92,000. இந்தக் குடும்பத்துக்குக் குறைந்தது இவ்வளவு காப்பு வேண்டும்.

இப்போது இருப்பது என்ன? கணவர் பேரில் ஒரு பழைய எண்டோமென்ட்: காப்பு ரூ.1 லட்சம், பிரிமியம் ரூ.5,200, 20 ஆண்டில் 13 ஆண்டு கட்டியாயிற்று. மூன்று ஆண்டுக்கு முன் எடுத்த சேமிப்புப் பாலிசி: காப்பு ரூ.60,000, பிரிமியம் ரூ.6,000, 10 ஆண்டில் 3 ஆண்டு கட்டியாயிற்று. மகன் பேரில் ஒரு பாலிசி: பிரிமியம் ரூ.4,000. ஆக மொத்தம் ஆண்டுக்கு ரூ.15,200 கட்டுகிறார்கள். கணவருக்கு உள்ள காப்பு, போனஸ் நீங்கலாக, ரூ.1,60,000தான். வேண்டியதில் மூன்றில் ஒரு பங்கு.

மகன் பேரில் உள்ள பாலிசியைக் கவனியுங்கள். சம்பாதிக்காத குழந்தையின் உயிருக்குக் காப்பு எடுப்பதால் குடும்பத்துக்கு ஆதரவு இல்லை. குழந்தையைக் காப்பது தந்தை, தாயின் உயிருக்கு எடுக்கும் காப்பே.

எதைக் களைவது, எதை விடுவது?

களை என்று நினைத்துப் பயிரைப் பிடுங்கிவிடக் கூடாது. பழைய பாலிசியை விடுவதற்கு முன் கம்பெனியிடம் மூன்று தொகைகளை எழுத்தில் கேளுங்கள். ஒன்று, இன்று சரண்டர் செய்தால் கிடைப்பது. இரண்டு, பிரிமியத்தை நிறுத்தி, பெயிட்-அப் பாலிசியாக வைத்தால் கிடைப்பது. மூன்று, முடிவு வரை கட்டினால் கிடைப்பது.

பெயிட்-அப் என்பது, கட்டிய தவணைகளின் விகிதப்படி காப்புத் தொகையைக் குறைத்து, மேற்கொண்டு பணம் கட்டாமல் பாலிசியை நிறுத்தி வைப்பது. 10 தவணையில் 3 கட்டியிருந்தால் ரூ.60,000க்குப் பத்தில் மூன்று பங்கு, அதாவது ரூ.18,000 காப்பு நிற்கும். இந்த வசதியும் சரண்டர் வசதியும் பழைய பாலிசிகளில் 2 அல்லது 3 ஆண்டுப் பிரிமியம் முழுதாகக் கட்டிய பிறகே உண்டு. 2024 அக்டோபர் 1 முதல் வந்த புதிய விதிப்படி, அதன்பின் விற்ற பாலிசிகளில் ஓர் ஆண்டுப் பிரிமியம் முழுதாகக் கட்டி ஓர் ஆண்டு முடிந்தாலே ஒரு சரண்டர் தொகை கிடைக்கும்.

பொதுவான விதி இது. முக்கால் பங்கு காலம் கடந்த பாலிசியை முடிவு வரை கட்டிவிடுவது நலம். நட்டத்தின் பெரும்பகுதி ஆரம்ப ஆண்டுகளிலேயே கழிந்திருக்கும், போனஸும் சேர்ந்திருக்கும். அவசரப் பணம் தேவையானால் சரண்டர் செய்யாமல் பாலிசியின் மேல் கடன் வாங்கலாம். ஆரம்ப நிலையில் உள்ள, காப்பு குறைந்த பாலிசிகளைத்தான் களைவதற்கு ஆராய வேண்டும்.

நமது உதாரணத்தில் பழைய எண்டோமென்ட்டைத் தொடரலாம். மூன்று ஆண்டுப் பாலிசியையும் மகன் பேரில் உள்ளதையும், மூன்று தொகைகளையும் ஒப்பிட்ட பின், பெயிட்-அப் ஆக்குவதாக வைப்போம். ஆண்டுக்கு ரூ.10,000 விடுபடும். அதில் கணவன், மனைவி இருவருக்கும் ஜீவன் ஜோதியும் சுரக்ஷாவும் ரூ.912. தாயாருக்குச் சுரக்ஷா ரூ.20. கணவருக்கு ரூ.5 லட்சம் டேர்ம் பாலிசிக்காக ரூ.3,000 ஒதுக்குவோம். வயது, உடல்நிலை, கம்பெனியைப் பொறுத்து இத்தொகை கூடும், குறையும். 2021 ஜனவரியில் சரல் ஜீவன் பீமா என்ற எளிய டேர்ம் பாலிசி வந்தது. தொழில், படிப்பு, ஊர் பார்த்து மறுக்காத வகையில் அது அமைக்கப்பட்டது. அதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

மொத்தச் செலவு ரூ.3,932. மீதி ரூ.6,068. கணவருக்கு இப்போதுள்ள காப்பு: எண்டோமென்ட் ரூ.1 லட்சம், பெயிட்-அப் ரூ.18,000, ஜீவன் ஜோதி ரூ.2 லட்சம், டேர்ம் ரூ.5 லட்சம், ஆக ரூ.8,18,000. விலைவாசி ஏறினாலும் தாங்கும். மீதியில் மாதம் ரூ.500 மகளின் படிப்புக்காகத் தபால் தொடர் வைப்பில் போடலாம். செலவும் குறைந்தது, காப்பும் ஐந்து மடங்கு கூடிற்று.

புதியது கைக்கு வரும் முன் பழையதை விடாதீர்

இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. நாற்று வேர் பிடிக்கும் முன் பழைய பயிரை அழிப்பவர் இல்லை. புதிய பாலிசிப் பத்திரம் கைக்கு வந்து, பிரிமியம் ஏற்கப்பட்டு, ஆரம்பக் காத்திருப்புக் காலம் இருந்தால் அதுவும் கழிந்த பிறகே பழையதை நிறுத்துங்கள். சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, இருதய நோய் உள்ளவருக்குப் புதிய பாலிசி மறுக்கப்படலாம்; பிரிமியமும் கூடலாம். அப்படியானால் பழையதைக் கைவிடவே கூடாது.

இன்னொரு காரணமும் உண்டு. பாலிசி தொடங்கி மூன்று ஆண்டுகள் கழிந்த பின், விண்ணப்பத்தில் தவறு உள்ளது என்று சொல்லிக் கம்பெனி பணத்தை மறுக்க முடியாது. இன்ஷூரன்ஸ் சட்டத்தின் 45வது பிரிவு இதைச் சொல்கிறது. பாலிசியை மாற்றினால் இந்த மூன்று ஆண்டுக் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஆகவே புதிய விண்ணப்பத்தில் பீடி, புகையிலை, மதுப் பழக்கம், பழைய நோய் எதையும் மறைக்காதீர்கள். ஏஜெண்டு உறவினராக இருந்தாலும் வெற்றுத் தாளில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள். வாங்கிய பாலிசி பிடிக்கவில்லையானால், பத்திரம் கைக்கு வந்த 30 நாட்களுக்குள் திருப்பித் தரலாம். சிறு கழிவு போகப் பணம் திரும்பி வரும்.

சிறு சிறு மிச்சங்கள்

தனிநபர் ஆயுள், மருத்துவப் பாலிசிகளின் பிரிமியத்துக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. வரி கிடையாது. அதன்பின் வந்த ரசீதில் வரி சேர்ந்திருந்தால் விளக்கம் கேளுங்கள்.

பல பாலிசிகளில் மாதாமாதம் கட்டுவதை விட ஆண்டுக்கு ஒரு முறை கட்டினால் சிறு தள்ளுபடி உண்டு. மரவள்ளிக் கிழங்கு சேகோ ஆலைக்குப் போய்ப் பணம் வரும் காலம், மிளகு விற்கும் காலம் பார்த்துத் தவணையை ஆண்டுத் தவணையாக்கிக்கொண்டால் மறதியும் குறையும்.

மலைச் சாலையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். மோட்டார் சைக்கிளுக்கு மூன்றாம் நபர் காப்பீடு சட்டப்படி கட்டாயம். அதில் மிச்சம் பிடிக்காதீர்கள். வண்டி மிகப் பழையதானால், வண்டிச் சேதத்துக்கான பகுதியை மட்டும் விட்டுவிடலாம். ஓட்டும் உரிமையாளருக்கான ரூ.15 லட்சம் விபத்துக் காப்பை விடாதீர்கள். ஆனால் இரண்டு வண்டிகள் இருந்தால் ஒருவருக்கு இதை இரண்டு முறை எடுக்கத் தேவையில்லை. ஓட்டுநர் உரிமம் நடப்பில் இல்லையானால் இந்தக் காப்பு பயன்படாது.

குழுக் கடன், நகைக் கடன் வாங்கும்போது "இன்ஷூரன்ஸ்" என்று ஒரு தொகையைக் கழிப்பதுண்டு. எந்தப் பாலிசி, யார் உயிருக்கு, எவ்வளவு என்று கேட்டு எழுதி வையுங்கள். கடன்காரர் இறந்தால் நிலுவை தீர்வதற்கு அது உதவும். பல குடும்பங்களில் அப்படி ஒரு காப்பு இருப்பதே தெரியாமல் கடனைத் திருப்பிக் கட்டுகிறார்கள். கடனுக்காகச் சேமிப்புப் பாலிசி எடுத்தே தீர வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

நாமினி பெயரைத் திருத்துங்கள்

திருமணத்துக்கு முன் எடுத்த பாலிசியில் தாயார் பெயரே நாமினியாக நின்றுவிடும். தாயார் காலமான பின்னும் அதை மாற்றாத வீடுகள் உண்டு. ஒரு படிவம் போதும். மனைவி பெயருக்கு மாற்றுங்கள். ஆதார், பாங்குப் புத்தகம், பாலிசி மூன்றிலும் பெயரும் தலைப்பெழுத்தும் பிறந்த தேதியும் ஒன்றாக உள்ளனவா என்று பாருங்கள். பணம் கிடைப்பதில் ஏற்படும் தாமதங்களுள் பல இந்த எழுத்து வேறுபாட்டால் வருபவை.

பட்டியல் எழுதிய நோட்டுப் புத்தகம் இருக்கும் இடம் மனைவிக்கும் மூத்த பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும். கணவருக்கு மட்டும் தெரிந்த பாலிசி, கணவருக்குப் பின் யாருக்கும் உதவாது.

குறை இருந்தால்

"உங்கள் பழைய பாலிசியில் போனஸ் பணம் நிற்கிறது, இவ்வளவு கட்டினால் வரும்" என்று தொலைபேசியில் யாராவது பேசினால் நம்ப வேண்டாம், ஏமாற்று வேலை. கம்பெனியிடம் எழுத்தில் புகார் கொடுத்து ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலும், பதில் திருப்தி தராவிட்டாலும், ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனுக்கு எழுதலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் உதவித் தொலைபேசி எண் 155255.

மே மாதத்தை மறவாதீர்

கொல்லிமலையில் வைகாசி மாதம் கை வறண்ட காலம். கிழங்குப் பணம் செலவாகியிருக்கும். உழவு, விதை, பள்ளிக்கூடச் செலவு எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். அந்த நேரம் பார்த்துத்தான் பாங்கு ரூ.456ஐப் பிடிக்கிறது. ஆகவே மாசியில் மிளகு விற்ற கையோடு, ஆளுக்கு 500 ரூபாயைக் கணக்கில் போட்டு, ஜூன் பிறக்கும் வரை அதைத் தொடாமல் வையுங்கள். ஜூன் முதல் வாரத்தில் புத்தகத்தைப் பதிவு செய்து, இரண்டு பிடித்தங்களும் நடந்துள்ளனவா என்று பாருங்கள். நடக்கவில்லையானால் அன்றே மானேஜரிடம் படிவம் கொடுத்துச் சேர்ந்துவிடலாம். ஜீவன் ஜோதியில் ஆண்டின் இடையில் சேருவோருக்கு மீதமுள்ள காலத்துக்கேற்பப் பிரிமியம் குறைவு. மார்ச்சு முதல் மே வரை சேர்ந்தால் ரூ.114தான்.

அந்த அம்மையார் பையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனவர், இரண்டு வீடு தள்ளித் தன் தம்பியை அழைத்து வந்தார். அவரிடமும் ஒரு பை இருந்தது. "இவனுக்கும் பார்த்துச் சொல்லுங்க ஐயா, இவனாவது சரியாகக் கட்டட்டும்" என்றார். தம்பியின் புத்தகத்திலும் மே மாதப் பிடித்தம் இல்லை. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அவர் செம்மேட்டுக்குப் புறப்பட்டுப் போனார்.

இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் உங்கள் வீட்டுப் பையையும் அவிழ்த்துப் பாருங்கள்.